ஸ்டோரேஜ் மேனேஜ்மென்ட் சர்வரில் 63 ஓட்டைகள்: எதை முதலில் அடைப்பது?

வட்டுக்காவல் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ஒன்பது வருடமாக ஸ்டோரேஜ் அட்மினாக இருக்கிறேன். பாதுகாப்புக் குழுவிடமிருந்து எனக்கு வந்த மெயில்களை இதுவரை கைவிரலில் எண்ணிவிடலாம். போன திங்கட்கிழமை வந்ததில் 41 பக்கத்துக்கு ஒரு பிடிஎஃப் இருந்தது. எங்கள் அரேக்களை (பல டிஸ்குகளைச் சேர்த்து வைத்த சேமிப்புப் பெட்டிகள்) நிர்வகிக்கும் சாஃப்ட்வேர் ஓடுகிற ஒரே ஒரு சர்வரில் 63 பாதுகாப்பு ஓட்டைகளாம். 9 கிரிட்டிகல், 22 ஹை, மீதி மீடியமும் லோவும். 14 நாளைக்குள் அடைக்க வேண்டும், முடியாவிட்டால் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

மொத்தம் நான்கு அரேக்கள், அதில் இரண்டு பழசு. நான்கையும் இந்த ஒரு சாஃப்ட்வேர்தான் பார்த்துக்கொள்கிறது. இதற்குப் புது வெர்ஷன் வந்திருக்கிறது. அந்த 63இல் பெரும்பாலானவை அதில் அடைபட்டுவிட்டதாக ரிலீஸ் நோட் சொல்கிறது. ஆனால் பழைய இரண்டு அரேயிலும் இப்போது இருக்கும் ஃபர்ம்வேரோடு (அரேக்குள்ளேயே ஓடும் அடிப்படை மென்பொருள்) புது வெர்ஷன் பேசாது. ஃபர்ம்வேரை ஏற்றினால் ஹோஸ்ட் (அரேயைப் பயன்படுத்தும் சர்வர்) பக்கம் எச்பிஏ டிரைவர் (அரேயோடு இணைக்கும் கார்டுக்கானது), மல்டிபாத் (பல வழிகளில் இணைக்கும் மென்பொருள்), சில இடங்களில் ஆபரேட்டிங் சிஸ்டமே மாற வேண்டும். ஒன்றைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே பத்து வருகிறது. எப்படிப் பார்த்தாலும் மூன்று மாத வேலை. சப்போர்ட்டில் டிக்கெட் போட்டேன். "அப்கிரேட் செய்யவும்" என்று ஒரு வரி எழுதி டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. ஓட்டை இருக்கும் ஜாவா லைப்ரரிகளின் ஜார் ஃபைல்களை மட்டும் நானே எடுத்துவிட்டுப் புதிதைப் போட்டால் என்ன? சர்வர் இன்டர்நெட் பக்கமே இல்லை, உள் நெட்வொர்க்கில்தான் இருக்கிறது. அப்படியும் இதில் உண்மையான ஆபத்து எவ்வளவு? கடைசியாக, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்றால் எதிலிருந்து தொடங்குவது? இந்த வாரம் சரியாகத் தூக்கமில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ராத்திரி_ஷிப்ட்

ஜாரை மட்டும் தொடாதீர்கள். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா லைப்ரரியில் லாக்ஃபோர்ஷெல் ஓட்டை (ஓட்டைகளுக்கான பொதுப் பதிவு எண் சிவிஇ-2021-44228, ஆபத்து மதிப்பெண் 10க்கு 10) வந்த வாரத்தில் எங்கள் குழுவில் ஒருவர் அவசரத்தில் அதைத்தான் செய்தார். பழைய லாக்ஃபோர்ஜே ஜாரைத் தூக்கிவிட்டுப் புதியதை அதே பெயரில் வைத்தார். சர்வீஸ் எழுந்தது, லாகின் வந்தது, திரையில் எல்லாம் பச்சை. ஆனால் எச்சரிக்கை அனுப்பும் பகுதி மட்டும் சத்தமில்லாமல் செத்துப்போயிருந்தது. நான்கு நாள் கழித்து ஓர் அரேயில் இரண்டாவது டிஸ்க் போனபோதுதான் முதல் டிஸ்க் போனதே எங்களுக்குத் தெரிந்தது. சப்போர்ட்டில் கேட்டால், கை வைத்த இன்ஸ்டலேஷனுக்கு உதவ முடியாது, முழுக்க நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்றார்கள்.

அந்த நேரத்தில் ஓட்டையுள்ள ஒரு கிளாஸை மட்டும் நீக்கும் ஸ்கிரிப்டை சில நிறுவனங்கள் அவர்களே கொடுத்தார்கள். அது வேறு. அவர்கள் கொடுத்தால் ஓட்டலாம், நாமாகச் செய்யக் கூடாது.

மற்றபடி உள் நெட்வொர்க்தானே. எக்ஸப்ஷன் (ஏன் இப்போது அடைக்க முடியாது என்ற விலக்குக் கடிதம்) எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மாதத் திட்டத்தோடு நிதானமாகப் போங்கள் என்பது என் எண்ணம்.

பழைய_கன்ட்ரோலர்

தம்பி, உங்களுக்கு ஒன்பது வருடம், எனக்கு இருபத்திரண்டு. அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஜார் விஷயத்தில் ராத்திரி ஷிப்ட் சொன்னதே என் பதிலும். உள் நெட்வொர்க் என்பதால் எக்ஸப்ஷன் போதும் என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அந்த நம்பிக்கையில் நானும் இருந்தவன்தான்.

அந்த பிடிஎஃபைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: தெரியாத ஒருவன் அந்த சர்வரில் வந்து உட்கார்ந்துவிட்டால் அவனால் என்னென்ன செய்ய முடியும்? நான்கு அரேயின் அட்மின் பாஸ்வேர்டும் அந்த சாஃப்ட்வேருக்குள் இருக்கிறது. இல்லாமல் அது வேலை செய்யாது. ஆக அவனால் வால்யூமை (அரேயில் பிரித்துக் கொடுத்த டிஸ்க் பகுதி) அழிக்க முடியும். அதைவிட எனக்குப் பயம் தருவது வேறு. டேட்டாபேஸ் இருக்கும் லன்னுக்கு (ஹோஸ்டுக்குக் கொடுத்த வால்யூம்) ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் நகல்), அதிலிருந்து ஒரு குளோன் (தனிப் பிரதி), அந்தக் குளோனைத் தன் கையில் இருக்கும் ஒரு ஹோஸ்டுக்கு மேப் செய்வது, அவ்வளவுதான். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் வேண்டாம், அந்த சர்வருக்குள் நுழையவே வேண்டாம். டேட்டாபேஸ் அட்மினின் லாகில் ஒரு வரிகூட வராது. ஹோஸ்டில் நாம் போட்டிருக்கும் ஆன்டிவைரஸ், ஃபைல் பர்மிஷன், ஆடிட் எல்லாம் மேல் மாடியில் காவல் காக்கின்றன. இவன் அஸ்திவாரத்தில் நிற்கிறான்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். யாரோ ஒருவரின் லேப்டாப்பில் தொடங்கி, டொமைன் (அலுவலகக் கணினிகளையும் கணக்குகளையும் ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பு) அட்மின் வரை ஏறி, டொமைனில் சேர்த்து வைத்திருந்த எங்கள் மேனேஜ்மென்ட் சர்வருக்கு வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவு. பிறகு ஆடிட் லாகை ஒவ்வொரு வரியாகப் படித்தது நான்தான். 2:11க்கு லாகின். வால்யூம் பக்கத்தைத் திறக்கவே இல்லை. நேராக ஸ்னாப்ஷாட் ஷெட்யூல் பக்கம். எல்லா ஷெட்யூலையும் நிறுத்தினார்கள். அப்புறம் ஸ்னாப்ஷாட்டுகளைப் பழையதிலிருந்து புதியது வரை வரிசையாக அழித்தார்கள். 2:38க்கு எல்லாம் முடிந்துவிட்டது. 27 நிமிடம், 340 ஸ்னாப்ஷாட். ஹோஸ்டுகளில் ஃபைல்கள் பூட்டப்பட்டது அதற்குப் பிறகுதான். ஒரே ஓர் அரே தப்பியது. பழசு என்பதால் அந்த சாஃப்ட்வேரில் சேர்க்க முடியாமல் வெளியே விட்டு வைத்திருந்தது. சேர்க்க முடியவில்லையே என்று ஒரு வருடமாகக் குறைபட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் நாங்கள் மீண்டு வந்ததே அதில் இருந்த பிரதிகளை வைத்துத்தான்.

இந்த வகை சாஃப்ட்வேரில் ஓட்டை இருப்பது புதிதும் இல்லை. 2010இல் எச்பியின் பி2000 ஜி3 அரேயில் யூசர் பட்டியலில் தெரியாத ஓர் அட்மின் கணக்கு இருப்பது வெளியே வந்தது. 2013இல் அதே எச்பியின் ஸ்டோர்ஒன்ஸ் பேக்கப் கருவியில் மறைவான சப்போர்ட் கணக்கு. 2018இல் டெல் இஎம்சியின் யூனிஸ்ஃபியர் ஃபார் விமேக்ஸில் 'எஸ்எம்சி' என்ற பெயரில், கோடுக்குள்ளேயே பாஸ்வேர்ட் எழுதி வைக்கப்பட்ட கணக்கு. 2025 ஜூனில் மறுபடியும் ஸ்டோர்ஒன்ஸ், இந்த முறை லாகினையே தாண்டிப் போகும் ஓட்டை (சிவிஇ-2025-37093, மதிப்பெண் 9.8). ஒரு நிறுவனத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எந்தக் கம்பெனியை எடுத்தாலும் கதை ஏறக்குறைய இதுதான். இவற்றை எழுதியவர்கள் 'இதை ஸ்டோரேஜ் அட்மின் மட்டும்தான் திறப்பார்' என்று நம்பி எழுதியிருக்கிறார்கள். நாமும் அதே நம்பிக்கையில் எல்லா வலை வழியாகவும் எட்டும்படி விட்டு வைக்கிறோம்.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். கிரிட்டிகல் ஒன்பதையும் முதலில் அடைத்துவிட்டு அப்புறம் ஹை, அப்புறம் மீடியம் என்று போகத்தான் எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். வீம் என்ற பேக்கப் சாஃப்ட்வேரில் வந்த சிவிஇ-2023-27532ஐப் பாருங்கள். மதிப்பெண் 7.5தான், கிரிட்டிகல்கூட இல்லை. ஆனால் 9401 போர்ட்டை (சர்வரின் நெட்வொர்க் வாசல்) எட்ட முடிந்தவன், லாகின் இல்லாமலே, உள்ளே சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளை வாங்கிவிடலாம். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் அதை நன்றாகவே பயன்படுத்தின. அதே 2023 மார்ச்சில் மினியோ என்ற ஸ்டோரேஜ் சாஃப்ட்வேரில் ஒன்று (சிவிஇ-2023-28432), அதற்கும் 7.5தான். பல சர்வர் சேர்ந்த கிளஸ்டராக ஓடும்போது ஒரு கோரிக்கை அனுப்பினால் ரூட் பாஸ்வேர்ட் உட்பட எல்லா என்விரான்மென்ட் வேரியபிளையும் (சாஃப்ட்வேருக்குக் கொடுத்த உள் அமைப்பு விவரங்கள்) அதுவே சொல்லிவிடும். உடைத்துக்கொண்டு உள்ளே போகிற ஓட்டைக்கு அதிக மதிப்பெண், சாவியை வெளியே நீட்டுகிற ஓட்டைக்குக் குறைவு. மதிப்பெண் கணக்கிடும் முறை அப்படி. அந்தச் சாவி எத்தனை பூட்டைத் திறக்கும் என்பது நமக்குத்தான் தெரியும்.

'நாங்கள் பயன்படுத்தாத பகுதியில்தானே ஓட்டை' என்று ஒரு வரியையும் அடித்துவிடாதீர்கள். 2021 மே மாதம் விஎம்களை நிர்வகிக்கும் விஎம்வேர் விசென்டரில் சிவிஇ-2021-21985 வந்தது. ஓட்டை இருந்தது விசேன் என்ற ஸ்டோரேஜ் வசதியின் ஹெல்த் செக் பிளகினில். விசேன் பக்கமே போகாதவர்களின் விசென்டரிலும் அந்த பிளகின் தானாகவே இயங்கிக்கொண்டிருந்தது. 443 போர்ட்டை எட்டினால் போதும், மதிப்பெண் 9.8.

அதனால் வரிசையை இப்படிப் போடுங்கள். லாகின் இல்லாமல் தூரத்திலிருந்து தொடக்கூடியவை முதலில், மதிப்பெண் எதுவானாலும். அதிலும் பாஸ்வேர்டையோ ஃபைலையோ வெளியே கொடுப்பவை மேலே. அமெரிக்காவின் சிசா என்ற இணையப் பாதுகாப்பு அமைப்பு 2021 நவம்பரிலிருந்து கேஇவி என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நிஜமாகவே தாக்குதலில் பயன்படுத்தப்பட்ட ஓட்டைகள் மட்டும் அதில் இருக்கும். உங்கள் 63 எண்களையும் அதில் தேடிப் பாருங்கள். ஒன்று இருந்தாலும் அது தலைக்கு மேல் வந்த வெள்ளம். பழசு என்று விட்டுவிடவும் வேண்டாம். வெரிடாஸ் பேக்கப் எக்ஸெக்கின் மூன்று ஓட்டைகளுக்கு 2021 மார்ச்சிலேயே பேட்ச் வந்துவிட்டது. 2022 செப்டம்பரில் மெட்டாஸ்ப்ளாய்ட் என்ற தாக்குதல் சோதனைக் கருவியில் அதற்கான மாட்யூல் வந்தது. அடுத்த மாதமே அதன் வழியாக ஒரு ரான்சம்வேர் கும்பல் புகுந்ததை மேண்டியன்ட் பாதுகாப்பு நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. பேட்ச் வந்து 19 மாதம் ஆகியும் போடாமல் வைத்திருந்தவர்கள் மாட்டினார்கள்.

கடைசியாக ஒன்று. மூன்று மாதம் ஓட்டையோடுதான் வாழ வேண்டும் என்று உங்கள் கேள்வியில் ஒரு தொனி இருக்கிறது. அப்படி இல்லை. அந்த சர்வரை அணைத்துவிடலாம். ஹோஸ்டுக்கும் அரேக்கும் நடுவில் டேட்டா போவது ஃபைபர் சேனல் இணைப்பிலோ ஐஸ்கசி இணைப்பிலோ. மேனேஜ்மென்ட் சர்வர் அந்த வழியில் நிற்பதே இல்லை. யோசித்துப் பாருங்கள்.

வட்டுக்காவல்

அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு நேற்று ராத்திரி சர்வரில் உட்கார்ந்தேன்.

முதலில் திறந்திருக்கும் போர்ட்டுகளைப் பட்டியல் எடுத்தேன். 443, 8443 இரண்டும்தான் எனக்குத் தெரியும். வந்தது 34 வரி. எஸ்எம்ஐ-எஸ் என்ற ஸ்டோரேஜ் நிர்வாக முறைக்கான 5989, உள்ளே ஓடும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், மெசேஜ் கியூ ஒன்று, ஜாவாவின் ரிமோட் போர்ட் ஒன்று, மீதியில் பாதி எதற்கென்றே புரியவில்லை. போஸ்ட்கிரஸாவது உள்ளுக்குள் மட்டும் கேட்கும் என்று நினைத்தேன். எல்லா முகவரியிலும் கேட்டுக்கொண்டிருக்கிறது. என் மேசையில் இருக்கும் சாதாரண லேப்டாப்பிலிருந்து தொட்டுப் பார்த்தேன். பதில் வந்தது.

அப்புறம் கான்ஃபிக் ஃபோல்டர். அரேக்களின் பாஸ்வேர்ட் என்கிரிப்ட் செய்துதான் இருக்கிறது, பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. அதே ஃபோல்டரில் நான்கு ஃபைல் தள்ளி இன்னொரு சின்ன ஃபைல், 32 பைட். பெயரைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அதுதான் சாவி. பூட்டையும் சாவியையும் ஒரே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்கள். இந்த ஃபோல்டரை ஒன்பது வருடத்தில் நூறு முறையாவது திறந்திருப்பேன். ஒரு தடவைகூட இது கண்ணில் படவில்லை.

கேஇவியில் தேடினேன். 63இல் இரண்டு இருக்கின்றன. இரண்டுமே பிடிஎஃபில் 'ஹை' பகுதியில், 27ஆம் பக்கத்தில்.

சர்வரை அணைப்பது பற்றிச் சொன்னீர்கள். உண்மையிலேயே செய்யலாமா? எங்கள் மேனேஜரிடம் சொன்னால் பதறிவிடுவார். எனக்கே கை நடுங்குகிறது.

துளைநோக்கி

நான் எதிர்ப்பக்கம். இந்த மாதிரி 41 பக்க பிடிஎஃப் அனுப்புகிற குழுவில் இருக்கிறேன். அதனால் அந்தப் பக்கத்து உண்மையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அந்த 63ஐ 63 வேலையாகப் பார்க்காதீர்கள். ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர் வரும்போதே தனக்கென்று ஒரு ஜாவா, ஒரு டாம்கேட் (வெப் சர்வர்), ஒரு ஓப்பன்எஸ்எஸ்எல் (என்கிரிப்ஷன் லைப்ரரி), ஒரு டேட்டாபேஸ் எல்லாவற்றையும் தன் பையில் போட்டுக்கொண்டுதான் வருகிறது. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாதம் தவறாமல் பேட்ச் போட்டாலும் அந்தப் பைக்குள் இருப்பவை பழசாகவே கிடக்கும். ஸ்கேனர் அங்கே ஒரு பழைய டாம்கேட்டைப் பார்த்தால் அந்த வெர்ஷனுக்கு உலகத்தில் பதிவான எல்லா ஓட்டையையும் வரிசையாக எழுதிவிடும். 63ஐயும் எந்தப் பொருளால் வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். ஐந்தாறு பொருளுக்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, ஸ்கேனர் பல நேரம் வெர்ஷன் எண்ணை மட்டும் பார்த்துத்தான் சொல்கிறது. நிறுவனம் எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய வெர்ஷனுக்குள் கொண்டுவந்திருக்கலாம். டாம்கேட்டில் ஓட்டை இருக்கும் அம்சத்தையே அந்த சாஃப்ட்வேர் அணைத்து வைத்திருக்கலாம். 'அப்கிரேட் செய்யவும்' என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள் என்றீர்கள். மறுபடி திறங்கள். ஆனால் "63 ஓட்டை இருக்கிறது, என்ன செய்வது" என்று கேட்காதீர்கள். சிவிஇ எண்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, "எங்கள் வெர்ஷனில் இது பாதிக்குமா, பாதிக்காது என்றால் காரணம் என்ன, விஇஎக்ஸ் அறிக்கை (எந்த ஓட்டை பாதிக்கும், எது பாதிக்காது என்று நிறுவனமே தருவது) இருக்கிறதா" என்று கேளுங்கள். சப்போர்ட்டின் முதல் நிலையில் இருப்பவரால் இதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியாது. ப்ராடக்ட் செக்யூரிட்டி குழுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

எக்ஸப்ஷன் பற்றி. "உள் நெட்வொர்க்கில் உள்ளது, ஆகவே ஆபத்து குறைவு" என்று எழுதி வந்த காகிதங்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் மேசையில் எது உடனே கையெழுத்தாகும் தெரியுமா? "இந்த சர்வரின் எல்லா போர்ட்டும் ஃபயர்வாலில் மூடப்பட்டது. 8443 மட்டும் இரண்டு ஜம்ப் சர்வர்களிலிருந்து (உள்ளே போக இடையில் வைத்த நுழைவு சர்வர்கள்) திறந்திருக்கிறது. அங்கே இரண்டடுக்கு லாகின். இந்தத் தேதி வரை. பொறுப்பு இன்னார்." இதை எழுதினால் 14 நாள் கெடுவைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அந்தக் கெடு உங்களை நெருக்குவதற்கு இல்லை. ஓட்டை திறந்தே கிடக்கக் கூடாது என்பதற்குத்தான்.

கேஇவியில் இருக்கும் அந்த இரண்டுக்கு மட்டும் 14 நாள்கூட எடுத்துக்கொள்ளாதீர்கள். கேஇவி கெடு சட்டப்படி கட்டாயம் என்பது அமெரிக்க மத்திய அரசின் சிவில் அலுவலகங்களுக்குத்தான். ஆனால் அந்தப் பட்டியலைப் படிக்கிறவர்களில் தாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் ஸ்கேனரில் அவை 'ஹை' என்று 27ஆம் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்வது எங்கள் பக்கத்துத் தவறு. முதல் பக்கத்தில் சிவப்பில் இருந்திருக்க வேண்டும்.

ராத்திரி_ஷிப்ட்

நான் மேலே எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். இதைப் படித்த பிறகு எங்கள் சர்வரிலும் போய்ப் பார்த்தேன். எங்களுடையதும் டொமைனில்தான் இருக்கிறது. பழைய கன்ட்ரோலர் ஐயா, டொமைனிலிருந்து எடுத்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு வைக்க வேண்டுமே, அது நிர்வாகத்துக்குச் சிரமம் இல்லையா?

பழைய_கன்ட்ரோலர்

சிரமம்தான். ஆனால் எத்தனை பேர் இருப்பார்கள்? நான்கு, ஐந்து? அந்த ஐந்து கணக்கைக் கையால் பார்த்துக்கொள்ளும் சிரமத்தையும் அந்த 27 நிமிடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025 மார்ச்சில் வீமில் வந்த சிவிஇ-2025-23120 (9.9) டொமைனில் சேர்த்த பேக்கப் சர்வர்களை மட்டும்தான் பாதித்தது. டொமைனில் இருக்கும் எந்தச் சாதாரண யூசரும் அதை வைத்து சர்வரைப் பிடித்துவிடலாம். சேர்க்காமல் வைத்திருந்தவர்கள் அந்த வாரம் நிம்மதியாக இருந்தார்கள். ஸ்டோரேஜும் பேக்கப்பும் மற்ற எல்லாம் விழும்போது நிற்க வேண்டியவை. மற்ற எல்லாவற்றோடும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது.

வட்டுக்காவல் தம்பிக்கு: அணைக்கலாம். ஆனால் நேரே போய் அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் எது எது நிற்கும் என்று முதலில் தெரிய வேண்டும்.

முதல் விஷயம், விட்னஸ். பழைய அரே இரண்டும் ஒன்றையொன்று பிரதி எடுத்து, ஒன்று விழுந்தால் மற்றது தானாக ஏற்கும்படி வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் யார் உயிரோடு இருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்லும் விட்னஸ் எங்கே ஓடுகிறது? சில இடங்களில் இடம் மிச்சமாகும் என்று அதை மேனேஜ்மென்ட் சர்வரிலேயே போட்டுவிடுகிறார்கள். விட்னஸ் இல்லாத நேரத்தில் இரண்டுக்கும் நடுவில் லிங்க் அறுந்தால் வால்யூமே நின்றுபோகலாம். டேட்டா பாதையில் இந்த சர்வர் இல்லை என்று நான் சொன்னதற்கு இருக்கும் ஒரே பெரிய விதிவிலக்கு இதுதான். முதல் பதிலிலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

அடுத்தது ஸ்னாப்ஷாட் ஷெட்யூல். அது அரேக்குள்ளேயே இருக்கிறதா, சாஃப்ட்வேர் ஒவ்வொரு முறையும் கட்டளை அனுப்புகிறதா? பின்னது என்றால் சர்வர் தூங்கும்போது ஸ்னாப்ஷாட்டும் தூங்கும். எச்சரிக்கை மெயிலையும் பாருங்கள். அரே நேரடியாக அனுப்பும்படி மாற்றிவிடுங்கள், எஸ்என்எம்பி எச்சரிக்கையோ எஸ்எம்டிபி மெயிலோ எல்லா அரேயிலும் இருக்கும். கன்டெய்னர் பக்கம் யாராவது தானாக வால்யூம் உருவாக்கிக்கொள்ள இந்த சர்வரின் ஏபிஐயைப் பயன்படுத்துகிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சொல்லாமல்தான் பயன்படுத்துவார்கள்.

இதெல்லாம் சரியாகும் வரை துளைநோக்கி சொன்ன ஃபயர்வால். அதை இன்றைக்கே செய்யலாம், ஃபர்ம்வேருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கூடவே நான்கு அரேயின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். ஆனால் ஃபயர்வாலைப் போட்ட பிறகு மாற்றுங்கள். முன்னால் மாற்றினால் புதுப் பாஸ்வேர்டும் அதே ஆணியில் போய் மாட்டிக்கொள்ளும். மாற்றும்போது நான்குக்கும் நான்கு வேறு பாஸ்வேர்ட்.

புது அரே இரண்டிலும் ஸ்னாப்ஷாட்டைப் பூட்டும் வசதி இருக்குமே, காலக்கெடு முடியும் வரை அட்மினாலும் அழிக்க முடியாதது? அதைப் போட்டுவிடுங்கள். போடுவதற்கு முன்னால் அந்தக் கெடுவை அரே எந்தக் கடிகாரத்தை வைத்து எண்ணுகிறது என்று சப்போர்ட்டில் எழுத்தில் வாங்குங்கள். நேரம் சொல்லும் என்டிபி சர்வரைப் பிடித்துத் தேதியை ஒரு வருடம் முன்னால் தள்ளினால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும் என்றால் அது பூட்டே இல்லை. நெட்ஆப் நிறுவனத்தின் ஸ்னாப்லாக் என்ற பூட்டும் வசதி இதற்காகவே கம்ப்ளையன்ஸ் கடிகாரம் என்று தனியாக ஒன்றை ஓட்டுகிறது, சாதாரண கடிகாரத்தை மாற்றினாலும் அது அசையாது. உங்கள் அரேயில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். இடமும் பார்த்துப் பூட்டுங்கள், பூட்டிய ஸ்னாப்ஷாட் நிறைந்துபோய் நமக்கே அழிக்க முடியாமல் மாட்டிக்கொண்ட ஓர் இடத்தையும் பார்த்திருக்கிறேன்.

வட்டுக்காவல் (12 நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

ஃபயர்வால் விதி மூன்றாவது நாள் போடப்பட்டது. போடுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க யார் யார் இந்த சர்வரோடு பேசுகிறார்கள் என்று பதிவு மட்டும் எடுத்தோம். நான் எதிர்பார்த்தது மூன்று முகவரி. வந்தது பதினொன்று. ஒன்று மானிட்டரிங் சர்வர், சரி. கன்டெய்னர் குழுவின் இரண்டு, அண்ணா சொன்ன மாதிரியே சொல்லாமல் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மீதியில் ஒன்று, வேறு பிரிவுக்குப் போய்விட்ட ஒருவரின் பழைய டெஸ்க்டாப். அவர் எழுதி வைத்த கொள்ளளவு அறிக்கை ஸ்கிரிப்ட் தினமும் காலை 6 மணிக்கு முழு அட்மின் கணக்கில் லாகின் செய்துகொண்டிருந்தது. பாஸ்வேர்ட் அந்த ஸ்கிரிப்டிலேயே வெறும் எழுத்தாக இருந்தது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அது இன்னும் ஓடுகிறது என்பதே அவருக்குத் தெரியாது.

விட்னஸ் அதே சர்வரில்தான் இருந்தது. அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் அணைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. அதை இரண்டு அரேக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது இடத்தில் ஒரு சின்ன விஎம்முக்கு மாற்றி, சனிக்கிழமை இரவு லிங்கைப் பிடுங்கிச் சோதித்தோம். இரண்டாவது அரே 9 நொடியில் ஏற்றுக்கொண்டது.

63ஐப் பிரித்துப் பார்த்ததில் ஐந்து பொருள்தான், துளைநோக்கி சொன்ன கணக்கு சரி. டிக்கெட்டை மறுபடி திறந்து எண் எண்ணாகக் கேட்டேன். எட்டாவது நாள் பதில் வந்தது. 19 எங்கள் வெர்ஷனைப் பாதிக்காது, ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு. கேஇவியில் இருந்த இரண்டுக்கும் எங்கள் பழைய வெர்ஷனுக்கே தனியாக ஒரு ஹாட்ஃபிக்ஸ் (அந்த ஓட்டைகளுக்கு மட்டுமான திருத்தம்) இருக்கிறதாம். இணையதளத்தில் போடவில்லை, கேட்டால் மட்டும் தருவார்களாம். நேற்று போட்டேன். போட்ட பிறகு ஒரு சோதனை எச்சரிக்கை அனுப்பி, அது மெயிலில் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். ராத்திரி ஷிப்ட் சொன்ன டிஸ்க் கதை மனதில் இருந்தது.

மூன்று அரேயின் பாஸ்வேர்ட் மாறிவிட்டது. நான்காவதில் ரெப்ளிகேஷன் அதே கணக்கைப் பயன்படுத்துகிறது. அதைப் பிரிக்க அடுத்த சனிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். ஸ்னாப்ஷாட் பூட்டு ஒரு புது அரேயில் 7 நாளுக்குப் போட்டாயிற்று. கடிகாரக் கேள்விக்கு சப்போர்ட் இன்னும் பதில் தரவில்லை, அது வரும்வரை இரண்டாவதைத் தொடவில்லை.

மேனேஜரிடம் ஆடிட் லாக் கதையை அப்படியே படித்துக் காட்டினேன், அண்ணா. பதறுவார் என்று நினைத்தேன். "அப்போ ஏன் இன்னும் ஆன்ல இருக்கு?" என்றுதான் கேட்டார். நேற்று இரவிலிருந்து சர்வர் அணைந்தே இருக்கிறது. இன்று காலை புது லன் கேட்டு ஒரு டிக்கெட் வந்தது. சர்வரை எழுப்பி, கொடுத்துவிட்டு, 20 நிமிடத்தில் மறுபடி அணைத்தேன்.